மருதாள் காட்டு ஓடுபாதை

குளத்துக்குத் தண்ணீர் வந்த அன்று ஊரே கரையில் கூடிப் பட்டாசு வெடித்தது. குமாரசாமி மட்டும் ஓரமாக நின்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவருக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வறண்டே கிடந்த குளம் அது. இத்தனை காலம் வராத தண்ணீர், அதன் நடுவில் அவர் மண்ணைச் சமன்செய்து ஓடுபாதை போட்ட பிறகா வர வேண்டும்?

ஓடுபாதை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கல்யாண மண்டபத்தின் நீளம் இருந்தால் அதிகம். அதில் ஏறி இறங்கியவை ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானங்கள். பால்சா மரத்திலும் ஃபோம் அட்டையிலும் செய்தவை. காரின் பின்சீட்டில் குறுக்கே வைத்துக் கொண்டுபோய்விடலாம். அதற்காகப் பொம்மை என்று சொல்லிவிடக் கூடாது. குமாரசாமியிடம் அப்படிச் சொன்ன சொந்தக்காரர் ஒருவர் அதற்குப் பிறகு அந்த வீட்டில் காப்பி குடித்ததில்லை.

திருப்பூருக்குப் பக்கத்தில் நெருப்பெரிச்சலில் வட்டப் பின்னல் மிஷின்கள் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குப் பனியன் துணி ஓட்டிக் கொடுப்பவர் குமாரசாமி. வாரம் முழுக்க மிஷின் சத்தம், நூல் தூசி, டெலிவரி கேட்டு வரும் போன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவர் வேறு மனிதர். மாடல் விமான கிளப்பை ஆரம்பித்தவர் அவர்தான். அதன் தலைவர், செயலாளர், நீதிபதி எல்லாமும் அவரே. உறுப்பினர்கள் மொத்தமும் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள். அது அப்படியே இருக்க வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறேன் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், முதலில் கம்ப்யூட்டரில் ஒரு வருஷம் ஓட்டிப் பழகிவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார். போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

அவருடைய பெருமை அவர் கை. அந்தக் கையிலிருந்து விமானம் விழுந்து பல வருஷம் ஆகிவிட்டது. மற்றவர்கள் உடைப்பார்கள், ஒட்டுவார்கள், மறுபடி உடைப்பார்கள். அவர் மட்டும் ஏற்றியதை ஏற்றிய மாதிரியே இறக்குவார். விழுகிறவனுக்கெல்லாம் களம் கிடையாது என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வசனம்.

குளம் போன பிறகு களத்துக்கு அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. சோமனூர்ப் பக்கம் அருமையான பொட்டல் ஒன்று இருந்தது. ஆனால் சூலூர் விமானப்படைத் தளம் பக்கத்தில். நிஜ விமானம் பறக்கிற வானத்தில் இதை ஏற்றினால் ஜீப் தேடிக்கொண்டு வரும். இன்னோர் இடம் கிடைத்து, கல் பொறுக்கிச் சுத்தம் செய்து முடித்த மாதமே அதில் சைட் பிரித்துக் கொடி நட்டுவிட்டார்கள். விமானங்கள் அவர் வீட்டு ஹாலில் கயிறு கட்டித் தொங்கின. ஒன்று இதெல்லாம் கீழே இறங்க வேண்டும், இல்லை நீங்கள் வெளியே இறங்க வேண்டும் என்று வீட்டுக்காரம்மா சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டார். கிளப்பில் ஒருவர் தன்னுடையதை விற்றேவிட்டார். இன்னும் ஒரு வருஷம் களமில்லாமல் போனால் கிளப் தானாகவே கலைந்துவிடும் என்று குமாரசாமிக்குத் தெரிந்திருந்தது.

மருதாளின் காட்டைக் கண்டுபிடித்தவர் அப்துல் ரவூப். ரவூப் எலாஸ்டிக் வியாபாரி; ஜட்டிக்கும் டிராக் பேண்ட்டுக்கும் இடுப்பில் வைக்கிற எலாஸ்டிக்கை ரோல் ரோலாக விற்பவர். கிளப்பில் குமாரசாமிக்கு அடுத்த ஆள். அவரைக் கிண்டல் செய்ய உரிமை உள்ள ஒரே ஆளும் அவர்தான். நெருப்பெரிச்சல் தாண்டி வடக்கே, மக்காச்சோளம் போடுகிற பெரிய காடு, அதன் கிழக்கு ஓரத்தில் நீளவாக்கில் ஒரு தரிசுத் துண்டு, மேலே ஒரு கம்பி கிடையாது, சுற்றிலும் வீடு கிடையாது என்று அவர் போனில் சொன்னதும் குமாரசாமி மிஷினை வேலையாட்கள் பொறுப்பில் விட்டுவிட்டு ஓடினார்.

மருதாள் அறுபதைத் தாண்டியவர். கணவர் இறந்த பிறகும் காட்டைக் குத்தகைக்கு விடாமல் தானே வெள்ளாமை பார்ப்பவர். பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. இவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். விமானம் எந்த அளவு இருக்கும், ஆள் எத்தனை பேர் வருவீர்கள், தண்ணி கிண்ணி போடுகிற கூட்டமா என்று விசாரித்தார். இல்லை என்று தெரிந்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"வாடகையெல்லாம் எனக்கு வேண்டாமுங்க. என்ற காட்டுல மயிலு எறங்காமப் பாத்துக்குங்க. அது போதும்."

விதைத்த மறுநாளே மயில்கள் வரிசை கட்டி வந்து மண்ணைக் கிளறி விதையைத் தின்றுவிடும். தப்பி முளைத்தால் குருத்து போய்விடும். கதிர் பிடித்தால் கதிரும் போகும். பழைய சேலையைச் சுற்றிக் கட்டியாயிற்று, தகரம் தட்டியாயிற்று, ஒன்றையும் அவை சட்டை செய்வதில்லை. மேலே பறக்கிற சாமான் வைத்திருக்கிறீர்களே, அதைக் கொண்டு விரட்டுங்கள் என்றார் மருதாள்.

ரவூப் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தார். குமாரசாமி வருஷா வருஷம் பழனிக்கு நடக்கிறவர், அது அவருடைய சாமி வண்டி ஆயிற்றே என்றார்.

"எனக்கும் அதே சாமிதானுங்க," என்றார் மருதாள். "சாமி ஏறி உக்காந்து வந்தா நானே சோறாக்கிப் போடறன். வெறும் வண்டி மட்டும் வந்து வெதையத் தின்னா நான் என்ன பண்றதுங்க?"

குமாரசாமிக்கு அந்தத் தரிசுத் துண்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அதுக்கென்னங்கக்கா, ஒரே வாரத்தில் ஒரு மயில் இருக்காது என்று வாக்குக் கொடுத்துவிட்டார். காரில் திரும்பி வரும்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. தறி ஓட்டிய பரம்பரை; குலதெய்வத்துக்கு அடுத்தபடி முருகன்தான். அவருடைய பெரிய விமானத்தின் வாலில் சிவப்புப் பெயிண்டில் வேல் வரைந்திருந்தார். ஒவ்வொரு தடவை பழனி போய்வந்ததும் அந்த வேலுக்குத் திருநீறு பூசுவார். அதே விமானத்தை மயில்மேல் ஏவுவதா? தன்னால் ஆகாது என்று ரவூப்பிடம் சொல்லிவிட்டார்.

ரவூப் சிரித்தார். வாக்குக் கொடுப்பது நீங்கள், விரட்டுவது நானா என்று கேட்டார். கேட்டாலும் ஒப்புக்கொண்டார். அவருக்கும் களம் வேண்டியிருந்தது.

அடுத்த வாரமே அங்கே ஓடுபாதை தயாரானது. புரட்டாசியில் மருதாள் விதைத்ததும் முறை வைத்துக்கொண்டு தினமும் விடிகாலையில் யாராவது ஒருவர் போனார்கள். கிளப்பின் ஒரே பெண் சித்ரகலா. எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில், துணி வாங்குகிற வெளிநாட்டு பையர்களோடு பேசி ஆர்டரை முடித்துக் கொடுக்கிற மெர்ச்சண்டைசர். விவரமான ஆள். மயில் தேசியப் பறவை, ஒரு இறகு உதிர்ந்தாலும் வனத்துறை கேஸ் போடும், அதனால் தென்னை உயரத்துக்குக் கீழே யாரும் இறக்கக் கூடாது, சத்தமும் நிழலும் போதும் என்று அவர் முதலிலேயே எல்லாருக்கும் சொல்லிவிட்டார்.

முதல் சில நாட்கள் வேலை ஜோராக நடந்தது. விமானம் தலைக்குமேல் வந்ததும் மயில்கள் அகவிக்கொண்டு தென்னந்தோப்புக்கு ஓடின. மருதாள் சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து கொடுத்தார். குமாரசாமி தன் முறை வந்த நாளில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, தன் சின்ன விமானத்தைக் காட்டின் ஓரமாகச் சுற்றவிட்டு வந்தார்.

அப்புறம்தான் வினை ஆரம்பித்தது. மயில்கள் ஓடுவதை நிறுத்தின. நிமிர்ந்து பார்த்தன. பிறகு பார்ப்பதையும் நிறுத்திவிட்டு விதையைத் தின்றன. இவர்கள் பழகின கைகள்; மேலேற்றி, இடது பக்கம் திருப்பி, ஒரே அளவாக வட்டமடித்து இறக்குவார்கள். இது வரும், போகும், நம்மை ஒன்றும் செய்யாது என்று மயில்களுக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு நாள் ஓடுபாதையில் நிறுத்தியிருந்த ரவூப்பின் விமானத்துக்கு முன்னால் வந்து ஓர் ஆண் மயில் தோகையை விரித்து ஆடியது. ரவூப் அதை வீடியோ எடுத்து கிளப் குரூப்பில் போட்டு, பொண்ணு பார்க்க வந்திருக்கிறார்கள் என்று எழுதினார். குமாரசாமிக்குச் சிரிப்பு வரவில்லை.

சித்ரகலா விடவில்லை. கழுகு மாதிரி ஒரு விமானம் செய்தார். தன் கம்பெனிக்குப் பிரிண்டிங் செய்கிற யூனிட்டில் சொல்லி, கழுகின் இறகை அச்சு அசலாகத் துணியில் அடித்து வாங்கி இறக்கையில் ஒட்டினார். பையர் பார்த்தால் அங்கேயே அப்ரூவல் கொடுத்துவிடுவார், அவ்வளவு சுத்தம். அது பறந்ததில் மருதாளின் கோழிகள் பயந்து முட்டை வைப்பதை நிறுத்தின. மயில்கள் இரண்டு நாள் யோசித்துவிட்டுத் திரும்பி வந்தன.

மருதாள் இரண்டாம் தடவை விதைக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு மோர் வரவில்லை.

"இந்த வாரம் பாக்கறனுங்க," என்றார் குமாரசாமியிடம். "ஆகலீன்னா அந்தத் துண்டையும் ஓட்டி வெதைச்சுப்போடறன். போனதுல கொஞ்சமாச்சும் ஈடுகட்டோணுமில்லீங்க? தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்க அவருக்கு வழியே இல்லை. வாக்குக் கொடுத்தவர் அவர்தான். அந்த வாரத்தில் வெள்ளிக்கிழமை காலையில் குமாரசாமி தனியாக மாட்டிக்கொண்டார். ரவூப் மகள் அல்ஃபியாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார். சித்ரகலாவுக்குப் பையர் இன்ஸ்பெக்ஷன். இவர் போய் நிற்கும்போது காட்டில் மயில்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன; மருதாள் வரப்பில் நின்று கையைக் கட்டிக்கொண்டு இவரையே பார்த்தார். சின்ன விமானம் இனி எடுபடாது. குமாரசாமி பெருமூச்சு விட்டுவிட்டுக் காரிலிருந்து பெரியதை இறக்கினார். பெட்ரோல் இஞ்சின், வாலில் வேல், முழுக்கத் தன் கையாலேயே பால்சா அறுத்து ஒட்டிச் செய்தது. முருகா, வேறு வழியில்லை, உன் வண்டிக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிளப்பினார்.

இஞ்சின் சத்தத்துக்கே சில மயில்கள் விலகின. குமாரசாமி தைரியமாக இன்னொரு சுற்று வந்தார். தென்னை உயரத்தில்தான் வந்தார், சித்ரகலா சொன்ன அளவு தப்பவில்லை. வாய்க்கால் புதரிலிருந்து ஒரு பெட்டை மயில் நேரே மேலே எழும்பும் என்று யார் கண்டது? பார்த்ததும் அவர் விரல் தானாகத் திரும்பியது. விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்தது, வேகம் செத்தது, அப்புறம் மூக்கைக் குத்திக்கொண்டு காட்டின் நடுவில் போய் விழுந்தது. இறக்கை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், இஞ்சின் மண்ணுக்குள். அந்தச் சத்தத்தில் காட்டிலிருந்த மயில்கள் அத்தனையும் அலறிக்கொண்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையாகப் பறந்தன.

குமாரசாமி ரிமோட்டோடு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விமானம் போனது ஒருபக்கம், விழாத கை என்ற பேர் போய்விட்டதே என்று இன்னொரு பக்கம். மருதாள் ஒரு கூடையை எடுத்துப்போய் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். வேல் வரைந்த வாலை மட்டும் முந்தானையில் துடைத்துத் தனியாக மேலே வைத்தார்.

"மயிலுக்கு ஒண்ணும் ஆகலீங்க," என்றார். "நானும் பாத்தன். நீங்க திருப்பலீன்னா அது போயிருக்கும்."

அந்த ஆறுதல் காருக்குள் ஏறும்வரை தாங்கியது. வீட்டுக்குப் போய்க் கூடையை இறக்கி வைத்ததும் மறுபடி துக்கம் வந்துவிட்டது. ரவூப் மாலையில் பார்க்க வந்தார். உங்கள் சாமி தன் வண்டியைக் காப்பாற்ற உங்கள் வண்டியை உடைத்துவிட்டார் என்று சொல்லப் போனவர், நண்பரின் முகத்தைப் பார்த்துவிட்டு டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

களம் முடிந்தது என்றே குமாரசாமி நினைத்திருந்தார். சில நாள் கழித்து மருதாளிடமிருந்து போன் வந்தது. ஓட்டி விதைக்கப்போகிறேன் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று எண்ணி எடுத்தார்.

"ஏனுங்க, அன்னைக்குப் போன மயிலு இன்னும் இந்தப் பக்கம் வரலீங்க," என்றார் மருதாள். "அதே மாதர இன்னொருக்கா விழுக வெக்க முடியுங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று குமாரசாமி போனை வைத்தார். அன்று சாயங்காலம் பேக்கரியில் பஃப்ஸும் டீயும் வைத்துக்கொண்டு கிளப் கூடியது. விழ வைப்பதா, அதற்கா இத்தனை வருஷம் பழகினோம் என்று குமாரசாமி பொரிந்தார். ரவூப் அவரை அமர்த்தினார். என்னிடம் பழைய ஃபோம் விமானம் ஒன்று இருக்கிறது, நான் கொண்டுபோய்ப் போடுகிறேன், போனால் போகட்டும் என்றார்.

மறுபடி ஒன்றிரண்டு மயில்கள் தலைகாட்டிய காலையில் அதைச் செய்து பார்த்தார்கள். ரவூப் ஏற்றினார், காட்டின்மேல் கொண்டுவந்தார், மூக்கைக் கீழே திருப்பினார். தரைக்கு ஆள் உயரம் இருக்கும்போது அவர் கை தன்னாலே தூக்கிவிட்டது. மறுபடி போனார். மறுபடியும் தூக்கிவிட்டது. விழ விடவே கூடாது என்று பழகிய கை விழ வை என்றால் கேட்பேனா என்கிறது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு போட்டார். அது வரப்போரப் புல்லில் பொத்தென்று உட்கார்ந்தது. மயில் ஒன்று நடந்து வந்து அதைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

"விழுகறதுக்கு ஆள் வேணும், அவ்வளவுதானுங்களே?" என்றார் சித்ரகலா. "எங்க செக்கிங் செக்ஷன்ல எத்தன பேர் வேணும், சொல்லுங்கண்ணா."

அவர் இதை இன்று நேற்றுக் கேட்கவில்லை. கம்பெனியில் பலர் வீடியோ பார்த்துவிட்டுக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்பதாகவும், ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் அவர்களை அழைத்துவரட்டுமா என்றும் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்தான். குமாரசாமி காது கொடுத்ததே இல்லை. இப்போது எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். விழுகிறவனுக்கெல்லாம் களம் கிடையாது என்று சொன்ன அதே வாய், இன்று விழுகிறவன் இல்லாவிட்டால் களமே கிடையாது என்கிற நிலையில் நின்றது.

"நீங்களே சொல்லுங்கண்ணா. அப்பறம் மாத்திப் பேசக்கூடாது," என்றார் சித்ரகலா.

"கூட்டிட்டு வா அம்முணி," என்றார் குமாரசாமி. "வந்து விழுகட்டும்."

ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டமே வந்து இறங்கியது. செக்கிங் பிரிவிலிருந்து கலைமகள், அவருடைய தோழிகள், தெக்கத்தித் தையல்காரர்கள், பேக்கிங்கில் வேலை செய்கிறவர்கள். குமாரசாமியின் சொந்த மிஷினில் வேலை பார்க்கும் பீகார்க்காரர்களும் அதில் இருந்தார்கள். இத்தனை நாள் தன்னிடம் ஒருவார்த்தை கேட்காமல் சித்ரகலாவிடம் போய்க் கேட்டிருக்கிறார்களே என்று அவருக்குச் சுருக்கென்றது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்பதும் அவருக்குத் தெரியும்.

பழகுவதற்கென்று ரவூப் ஃபோம் அட்டையில் மலிவாக, மயில்மேல் பட்டாலும் இறகு உதிராத அளவுக்கு லேசாக விமானங்கள் செய்திருந்தார். இறக்கையை உடம்போடு சேர்த்து ஜட்டி எலாஸ்டிக்கால் இழுத்துக் கட்டியிருந்தார். விழுந்தால் இறக்கை எகிறிக் கழன்றுகொள்ளும், உடையாது. எடுத்து மறுபடி கட்டிக்கொண்டால் ஆயிற்று. உடைந்தாலும் பேக்கிங் டேப் இருக்கிறது. திருப்பூரில் பேக்கிங் டேப்புக்குப் பஞ்சமா?

அன்று அந்த வானத்தில் நடந்ததைக் குமாரசாமியால் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. மேலே போக வேண்டியது கீழே வந்தது. இடதுபக்கம் திருப்பு என்றால் வலதுபக்கம் போனது. விமானம் நம்மைப் பார்த்து வரும்போது இடதும் வலதும் மாறித் தெரியும், முதலில் எல்லாருக்கும் அங்கேதான் தலை சுற்றும். ஒருவர் தூக்கு என்பதை உட்டாவோ உட்டாவோ என்று இந்தியில் கத்த, இன்னொருவர் ஏலே தூக்குலே என்று கத்த, கலைமகள் ரிமோட்டைத் தலைக்குமேல் தூக்கினார், விமானமும் சேர்ந்து தூக்கிக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ. அது பல்டி அடித்துச் சோளக்காட்டில் விழுந்தது. அடுத்தது இன்னோர் இடத்தில் விழுந்தது. எது எங்கே எப்போது விழும் என்று ஓட்டுகிறவருக்கே தெரியாதபோது மயிலுக்கு எப்படித் தெரியும்? காடு காலியாயிற்று. மருதாள் வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மோர் திரும்ப வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் ஆட்கள் வந்தார்கள். பொது ரோட்டுப் பக்கமும் ஆள் நிற்கிற பக்கமும் யாரும் பறக்கவிடக் கூடாது என்று குமாரசாமி எலாஸ்டிக் நாடாவை இழுத்துக் கட்டி எல்லை போட்டார். இரண்டு ரிமோட்டை ஒயரில் இணைத்து, கற்றுக்கொள்கிறவர் தடுமாறும்போது இவர் வாங்கிக்கொள்ளும் வசதி இருந்தது. அதை அவர் ரொம்ப உயரத்தில்தான் பயன்படுத்தினார். தாழ வந்தால் விட்டுவிடுவார். மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் விட்டார். ஆனால் ஒரு விஷயம் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு சிரித்தபடி ஓடிவருகிறவர்களைப் பார்க்கும்போது, ஹாலில் உட்கார்ந்து தன் பெரிய விமானத்தை ஒட்டுகிற வேலை முன்னளவு துக்கமாக இல்லை.

சோளம் வளர்ந்து ஆள் உயரம் வந்தது. பூத்தது, கதிர் பிடித்தது. அந்தச் சமயம் பார்த்து இன்னொரு தொல்லை வந்தது. கலைமகள் ஒரு நாள் யார் உதவியும் இல்லாமல் ஏற்றி, வட்டமடித்து, ஓடுபாதையில் பட்டுப்போல இறக்கிவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். குமாரசாமியும் கைதட்டினார், தட்டும்போதே அவருக்குப் பகீரென்றது. பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒவ்வொருவராகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பீகார்க்காரர்கள் தலைகீழாகக்கூடப் பறக்கவிட்டார்கள். வானத்தில் மறுபடி ஒழுங்கான வட்டம். தென்னந்தோப்பின் ஓரத்தில் மயில்கள் வந்து நின்று நோட்டம் பார்த்தன.

புதிய ஆள் பிடிக்கலாம் என்றால் அது கோடை ஆர்டர் ஷிப்மெண்ட் நெருங்குகிற நேரம். ஊர் முழுக்க ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். சித்ரகலாவுக்கே மூச்சுவிட நேரமில்லை. மார்கழிப் பனி விலகாத ஒரு காலையில் குமாரசாமியும் ரவூப்பும் மட்டும் களத்துக்கு வந்தார்கள். பாலேறிய கதிர்களைத் தின்ன மயில்கள் உள்ளே இறங்கியிருந்தன. மருதாள் சோளத்துக்குள்ளிருந்து வெளியே வந்து நேராக இவர்களை நோக்கி நடந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. இந்தக் களமும் போயிற்று என்று குமாரசாமி நினைத்தார். வாரா வாரம் வந்த அத்தனை பேர் முகமும் ஞாபகத்துக்கு வந்தது. முன்பென்றால் தன் விமானங்களை நினைத்துத்தான் கலங்கியிருப்பார்.

"ஆள் கெடைக்கலீங்களா?" என்று கேட்டார் மருதாள்.

இல்லீங்கக்கா என்றார் குமாரசாமி. மருதாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"அந்தப் பொட்டிய இங்க குடுங்க. விழுக வெக்கறதுதானுங்களே? நானே விழுக வெச்சுக்கறன்."

ரவூப் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பினார். குமாரசாமி ஃபோம் விமானத்தை ஏற்றிக் கொடுத்து, ரிமோட்டை மருதாள் கையில் வைத்தார். மருதாள் இரண்டு குச்சியையும் மாட்டுக் கயிற்றைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்து, எந்தப் பக்கம் தோன்றியதோ அந்தப் பக்கம் தள்ளினார். விமானம் பேய் பிடித்த மாதிரி குட்டிக்கரணம் போட்டுச் சோளத்துக்குள் விழுந்தது. மயில்கள் அலறிக்கொண்டு எழும்பின. மருதாள் போய்த் தேடி எடுத்துவந்து, எலாஸ்டிக்கைத் தானே இழுத்துக் கட்டினார். இன்னொருக்கா என்றார்.

அதிலிருந்து தினமும் காலையில் குமாரசாமி போனார். மிஷினுக்குப் போகிற வழியில் கொஞ்ச நேரம். முதலில் மருதாள் மயிலைப் பார்த்துத்தான் ஓட்டினார். விழுந்ததும் முதலில் காட்டைப் பார்ப்பார், ஓடியதா என்று. சில நாளில் கேள்விகள் வர ஆரம்பித்தன. எதிரே வரும்போது ஏனுங்க மாறிப் போகுது? காத்து எந்தப் பக்கம் இருந்தா எறக்கறது? குமாரசாமி சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுக்கும்போதே, ஐயோ இவரும் கற்றுக்கொண்டுவிட்டால் என்ன செய்வது என்கிற பயமும் கூடவே இருந்தது. இருந்தாலும் கேட்கிறவரிடம் தப்பாகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

தை பிறந்து, அறுப்புக்கு நாள் குறித்திருந்த சமயம். அன்று காற்று இல்லை. மருதாள் விமானத்தைத் தானே ஏற்றினார். குமாரசாமி தன் ரிமோட்டில் விரலை வைக்காமல் நின்றார். ஒரு வட்டம் வந்தது. இரண்டாவதும் வந்தது. மருதாள் நாக்கைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தார். விமானம் தோப்பைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, மெல்லத் தாழ்ந்து ஓடுபாதையில் சக்கரம் பதித்தது, ஓடியது, அவர் காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

மருதாள் சிரித்தார். அப்படி அவர் சிரித்துக் குமாரசாமி பார்த்ததில்லை.

அதே நேரத்தில்தான் குமாரசாமி பின்னால் பார்த்தார். தோப்பிலிருந்து மயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், வரப்பேறிச் சோளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அக்கா," என்றார். "பின்னால மயிலுங்க."

மருதாள் திரும்பவில்லை. குனிந்து விமானத்தின் மூக்கில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது கெடக்குது வுடுங்க," என்றார். "இன்னொருக்கா ஏத்தறன், பேட்டரிய மாத்துங்க."

குமாரசாமி பேட்டரியை எடுக்கக் காருக்குப் போனார்.